கார்டு சிஸ்டம் போடப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்

எங்களுடையது 12 பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம். சாவி யாரிடம் எத்தனை இருக்கிறது என்றே தெரியாமல் போனதால், கார்டு காட்டினால் திறக்கிற கதவு போட்டோம். பொருத்தியவர்கள் யார் என்று இங்கே எழுதவில்லை, ஆனால் அவர்கள் எங்களிடம் சொல்லாமல் மறைத்ததை எழுதியே ஆக வேண்டும்.

ஒரு நாள் காலை ஒரு லேப்டாப்பைக் காணோம். கதவு எப்போது, யார் கார்டில் திறந்தது என்ற பதிவை எடுத்துப் பார்த்தால் முந்தைய இரவு 9 மணிக்குக் கதவு திறந்திருக்கிறது, அதுவும் புதிதாகச் சேர்ந்த பையனின் கார்டில். அவன் அன்றைக்கு லீவு, கார்டு என் பையில்தான் இருந்தது சார் என்று அழாத குறையாகச் சொன்னான். நாங்கள் நம்பவில்லை. மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டவன் நான்தான், அது இன்னமும் என்னை உறுத்துகிறது.

அந்தக் கார்டை அவனுக்கு முன்னால் வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போன இன்னொருவர், அவரிடமிருந்து திருப்பி வாங்கித்தான் இவனுக்குக் கொடுத்திருந்தோம். சந்தேகம் வந்து வேறு ஒரு டெக்னீஷியனை வரவழைத்தோம். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவியில் எங்கள் கார்டை வைத்தார், அப்புறம் ஒரு வெற்றுக் கார்டை வைத்தார், அந்த வெற்றுக் கார்டுக்குக் கதவு திறந்துகொண்டது. எங்களுக்குக் கொடுத்திருந்தது 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிற பழைய வகைக் கார்டு. கார்டைப் படிக்கிற கருவியான ரீடர் பக்கத்தில் போனால் தன் எண்ணை அப்படியே சொல்லிவிடும், ரகசியக் குறியீடு எதுவும் அதில் கிடையாது. போகிறவர் முன்பே நகல் எடுத்து வைத்திருக்கலாம் என்பதால், கார்டைத் திருப்பி வாங்கிவிட்டோம் என்பதற்கு அர்த்தமே இல்லை.

அதைவிடப் புதிய 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு என்றால் போதும் என்று நினைக்காதீர்கள். அதிலும் மைஃபேர் கிளாசிக் என்ற வகையின் ரகசியக் குறியாக்கத்தை 2008-லேயே ஆராய்ச்சியாளர்கள் உடைத்துவிட்டார்கள். டெஸ்ஃபயர் இவி2, இவி3 கார்டுகள் மாதிரி ஏஇஎஸ் என்கிற வலுவான குறியாக்கம் உள்ளதைக் கேளுங்கள், அதோடு ரீடர் அந்தக் குறியாக்கத்தைச் சரிபார்க்கிறதா என்றும் கேளுங்கள். நல்ல கார்டைக் கொடுத்துவிட்டு அதன் வரிசை எண்ணை மட்டும் படிக்கிற ரீடரை மாட்டிவிடுகிறார்கள், பணம் கூடுதலாகப் போகிறது, பாதுகாப்பு அதே பழைய கதைதான்.

இன்னொன்றைப் பார்த்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாசலுக்கு வெளியே இருந்த ரீடரின் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அந்த டெக்னீஷியன் அதைக் கழற்றி, பின்னால் இருந்த எக்சிட் பட்டன் (உள்ளிருந்து வெளியே வர அழுத்துவது) ஒயர்கள் இரண்டையும் ஒன்றோடு ஒன்று தொட வைத்தார், கதவைப் பிடித்திருந்த காந்தப் பூட்டு விட்டுவிட்டது. பூட்டைத் திறக்கும் ரிலே என்கிற சுவிட்ச் ரீடருக்குள்ளேயே இருந்தால் இதுதான் நடக்கும். யாருக்குத் திறப்பது என்று முடிவு செய்கிற கன்ட்ரோலர் தனியாகக் கதவுக்கு உள்பக்கம் இருக்க வேண்டும், வெளியே ரீடர் மட்டும் இருக்கலாம்.

பேட்டரியும் வைக்கவில்லை. கரண்ட் போனால் காந்தப் பூட்டு திறந்துவிடும், தீ விபத்தில் ஆட்கள் வெளியே வருவதற்காக அது அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் சும்மா கரண்ட் போகும்போது கதவு திறந்து கிடக்காமல் இருக்கத்தான் பேட்டரி அவசியம். அட்மின் பாஸ்வேர்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள், ஒரு கார்டை நீக்குவதற்குக்கூட அவர்களுக்கு ஃபோன் போட வேண்டியிருந்தது.

புகார் சொன்னபோது, நீங்கள் கேட்டதைத்தானே போட்டோம் என்றார்கள். நாங்கள் கேட்டது பாதுகாப்பான கதவு. கார்டு வகைகளைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும், அதைச் சொல்லத்தானே அவர்கள்?

பூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் மாற்றிவிட்டோம். அந்தப் பையனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். லேப்டாப் கிடைக்கவில்லை. நீங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதிரி கார்டை வாங்கி, விஷயம் தெரிந்த வேறு ஒருவரிடம் கொடுத்து நகல் எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்கள் கார்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.