ஆன்லைன் விஜயா எண்ணெய்: மருந்துக்கு மூணு மார்க், டாக்டர் சேவைக்கு ஒன்றுமே இல்லை

கஞ்சா இலையிலிருந்து எடுத்த எண்ணெயை விஜயா என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக ஆன்லைனில் விற்கிறார்கள். நம் பக்கம் நிறையப் பேருக்கு இது தெரியாது. டாக்டர் போனில் பேசுவார், சீட்டு வரும், சீட்டு இருந்தால் கூரியரில் வீட்டு வாசலுக்கே பாட்டில் வந்துவிடும், காரைக்குடிக்கும் வருகிறது. நாங்கள் வாங்கினோம். எண்ணெய்க்கு அஞ்சுக்கு மூணு கொடுப்பேன், அதை விற்கிற விதத்துக்கு ஒன்றும் கொடுக்க மாட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்ல வருவது ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயம் இல்லை.

வாங்கியது எங்கள் அப்பச்சிக்காக. அக்கி வந்து கொப்புளமெல்லாம் ஆறிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. இடது விலாவில் தொடங்கி முதுகு வரைக்கும், துண்டு பட்டாலே துடித்துப்போவார். சட்டை போட முடியாது, ஃபேன் காற்று நேராக அடித்தால்கூட எரிகிறது என்பார், வீட்டு இரண்டாம் கட்டின் ஆத்தங்குடிக் கல் தரையில் வலது பக்கமாகவே படுத்துக் கிடப்பார். நரம்பு வலிக்கு கேபாபென்டின் கொடுத்தார்கள், அளவைக் கூட்டினால் தலை சுற்றல், குறைத்தால் ராத்திரி முழுக்க முனகல். யார் எதைச் சொன்னாலும் வாங்கிப் பார்த்துவிடலாம் என்கிற நிலைக்கு ஆத்தா வந்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். அப்பச்சி இதய வால்வு மாற்றியவர். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் வார்ஃபரின் சாப்பிடுகிறார்.

அந்த போன் கன்சல்டேஷனில் பெயர், வயசு, எங்கே வலி, தூக்கம் எப்படி, இவ்வளவுதான் கேட்டார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற கேள்வியே வரவில்லை. நானேதான் வால்வு விஷயத்தையும் வார்ஃபரினையும் எடுத்துச் சொன்னேன். "ஆயுர்வேதம்தானே, அதெல்லாம் ஒண்ணும் செய்யாதும்மா" என்று பதில். போனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பில் மருந்துச் சீட்டும் பணம் கட்டுகிற லிங்க்கும் சேர்ந்தே வந்தன.

ஒண்ணும் செய்யாது என்பது தவறு. கஞ்சாவில் இருக்கும் சிபிடி என்ற பொருள் கல்லீரலில் வார்ஃபரினைச் சிதைக்கிற நொதியின் வேகத்தைக் குறைக்கக்கூடியது. அப்படிக் குறைந்தால் வார்ஃபரின் ரத்தத்தில் தேங்கும், ரத்தம் அளவுக்கு மீறி இளகும், எங்கேயாவது கசிய ஆரம்பித்தால் நிற்காது. வயசானவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

பாட்டிலைப் பிரிக்காமல் மதுரையில் அப்பச்சியைப் பார்க்கிற இதய டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனோம். அவர் திட்டவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருப்பதிலேயே குறைந்த அளவில் ஆரம்பியுங்கள், ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் டெஸ்ட்டை அடிக்கடி எடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றார். பிறகு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் டிஎச்சி எவ்வளவு, சிபிடி எவ்வளவு என்று கேட்டார். லேபிளில் மொத்தச் சாறு எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும்தான் இருந்தது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஒரு லேப் ரிப்போர்ட் திறந்தது, அதில் இருந்த பேட்ச் நம்பர் வேறு. கஸ்டமர் கேரில் கேட்டதற்கு எல்லா பேட்ச்சும் ஒன்றுதான் என்றார்கள். போதை தருவது டிஎச்சி, அதன் அளவே தெரியாத ஒரு திரவத்தைச் சொட்டுக் கணக்கில் பெரியவருக்குக் கொடுக்கச் சொன்னால் எந்த நம்பிக்கையில் கொடுப்பது?

சரி, வேலை செய்ததா? செய்தது, அதை மறைக்க மாட்டேன். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் அதன் முனை மழுங்கியது. ராத்திரி தூங்கினார். ஒருநாள் சாயங்காலம் தானாகவே சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு முகப்பில் வந்து உட்கார்ந்தார், ஆத்தா அழுதுவிட்டார். கூடவே வாய் உலர்ந்துபோனது, எழுந்தால் தள்ளாடினார், வளவு படியில் இறங்கும்போது ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் ஐஎன்ஆர் வரம்பைத் தாண்டியது. எண்ணெயை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். சரியான அளவு தெரிந்திருந்தால் வார்ஃபரினைக் குறைத்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருப்பேன், அளவு தெரியாத மருந்தை வைத்துக்கொண்டு அந்த வேலையில் இறங்க மாட்டேன் என்றார். எனக்கு இப்போதும் ஆறாத கோபம் அதில்தான். பலன் கிடைத்த மருந்தை, லேபிளில் இரண்டு எண் இல்லாததால் நிறுத்தினோம்.

இது எப்படிச் சட்டப்படி விற்கிறது என்று கேட்பீர்கள். 1985-ஆம் வருஷத்து போதைப்பொருள் தடுப்புச் சட்டம், செடியின் பூ முனையைத்தான் கஞ்சா என்கிறது, பிசினைச் சரஸ் என்கிறது. பூவோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. வாரணாசியில் அரசு உரிமத்தோடு பாங்கு (அந்த இலையை அரைத்தது) கடை நடப்பது இதனால்தான். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் நச்சுப் பொருட்களின் அரசுப் பட்டியலில் இந்தச் செடி இருக்கிறது, அதனால் மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் போட்டாக வேண்டும். போட்டிருந்தார்கள், பொடி எழுத்தில். மேற்பார்வை என்பது எங்களுக்குக் கிடைத்த அந்த போன்கால்.

ஒரே செடியின் பூவை 20 கிலோவுக்கு மேல் வைத்திருந்தால் பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை, ஒரு கிலோவுக்கு உள்ளே இருந்தாலும் ஒரு வருஷம் வரை போகலாம். இலைச் சாற்றை மட்டும் யாரும் கேட்காமல் கூரியரில் அனுப்பலாம். கஞ்சாவைச் சட்டமாக்கலாமா கூடாதா என்று டிவியில் கத்துகிறவர்கள் இந்த நடு இடத்தைப் பற்றிப் பேசிப் பார்த்ததே இல்லை. பாதிக் கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது, காவலுக்கு ஆள் இல்லை.

நான் முழுக்கத் திறந்துவிடச் சொல்கிற ஆள் இல்லை. டாஸ்மாக் மாதிரி ஊருக்கு ஊர் கடை வைத்து விற்க வேண்டாம். சின்ன வயசில் விடாமல் புகைத்தால் மனநோய் வரும் அபாயம் கூடும் என்று டாக்டர்கள் சொல்வதை நான் நம்புகிறேன், எங்கள் தெருவிலேயே ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாய்லாந்து 2022-ல் சரியான விதிமுறை இல்லாமல் திறந்துவிட்டு, தெருவெல்லாம் கடை ஆனபிறகு 2025-ல் மருந்துச் சீட்டு கட்டாயம் என்று திரும்பியது. ஜெர்மனி வேறு வழியில் போனது, 2017-ல் டாக்டர் சீட்டுக்கு அனுமதி, பெரியவர்கள் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ள 2024-ல்தான் அனுமதி. கனடாவில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிஎச்சி, சிபிடி அளவு அச்சிட்டாக வேண்டும். நமக்கு முதலில் வேண்டியது அந்த அச்சு. 2020 டிசம்பரில் ஐநா ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க 27-க்கு 25 என்று வாக்கெடுப்பு வென்றபோது இந்தியாவும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டது. அங்கே ஓட்டுப் போட்ட அரசு இங்கே அளவு குறித்த, பரிசோதித்த மருந்தை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

ஆர்டரோடு இலவசமாக ஒரு பாக்கெட் தோல் நீக்கிய கஞ்சா விதை வந்தது. அதற்குக் குறையே சொல்ல மாட்டேன். 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விதையை உணவாக அனுமதித்துவிட்டது, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி இருக்கக் கூடாது, போதையெல்லாம் வராது. உளுந்து, வரமிளகாய், பெருங்காயம் வறுத்து அரைத்துவிட்டு, விதையைக் கடைசியில் போட்டு ஒரே சுற்று சுற்றினால் இட்லிப் பொடி அருமையாக இருக்கிறது, கூட ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வலி போகும் என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

எண்ணெய் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ரத்தம் இளக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அவர்களுடைய டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் பேட்ச் நம்பரோடு லேப் ரிப்போர்ட்டைக் கேளுங்கள், தராவிட்டால் பணம் கட்ட வேண்டாம். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரில் இருப்பார்கள், பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது இந்தப் பாட்டிலை மருந்துப் பையில் போட்டுவிடாதீர்கள். சீட்டு இருக்கிறது, ஆயுர்வேதம் என்றெல்லாம் அங்கே சொல்லித் தப்ப முடியாது, சிபிடிகூடத் தடை செய்யப்பட்ட நாடு, 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. பெட்டியைக் கட்டியபிறகு ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.