நீள முடி வளர்க்கும்போது நுனி வெட்டுவது: பார்லரா, வீட்டுக் கத்தரியா, மெஷினா?

தோளில் நிற்கும் முடி இடுப்பைத் தொட ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வளர வேண்டும். தலைமுடி சராசரியாக மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும், அதாவது வருடத்துக்கு 15. கத்தரியே வைக்காமல் விட்டால் இரண்டே முக்கால் வருடத்தில் இடுப்புக்கு வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு இன்ச் எடுத்தால் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கத்தரிக்கே போய்விடும். மிஞ்சுவது ஐந்து, அப்போது எட்டு வருடம் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஒரு இன்ச் என்றால் முடி இருந்த இடத்திலேயே நிற்கும். மூன்று மாதத்துக்கு அரை சென்டிமீட்டர் மட்டும் எடுத்தால் மூன்று வருடம் சொச்சம்.

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது ஒரு பார்லரிலிருந்து திரும்பி வந்த அன்றைக்குத்தான். கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்துக் குன்னூர் போய், "நுனி மட்டும் எடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் நான்கு விரல் நீளத்துக்கு முடி தரையில் கிடக்கிறது. "மேல வரைக்கும் வெடிச்சிருந்துச்சும்மா, எடுத்தாதான் நல்லா வளரும்" என்றார் அவர். கிட்டத்தட்ட ஆறு மாத வளர்ச்சி அது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பின்னலின் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. வெடிப்பு மேலே ஏறும் என்பது சரி. வெட்டினால் வளரும் என்பது தப்பு. முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேரில். வெளியே தொங்குவது உயிரில்லாத இழை, நுனியில் என்ன நடந்தாலும் வேருக்குத் தெரியாது. வளர்பிறையில் நுனி எடுத்தால் முடியும் நிலாவோடு வளரும் என்று எங்கள் பாட்டி சொல்வார்கள். மாதம் தவறாமல் அரை விரல்கூட இல்லாமல் அவர்கள் எடுத்ததுதான் எங்கள் முடியைக் காப்பாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

ஒவ்வொரு முடிக்கும் மேலே மீன் செதில் மாதிரி அடுக்கிய ஒரு உறை உண்டு. உள்ளே நார் நாரான தண்டு. உரசலிலும் வெயிலிலும் சூட்டிலும் உறை தேய்ந்துபோனால் உள்ளே இருக்கும் நார் பிரியும், அதுதான் வெடிப்பு. 60 சென்டிமீட்டர் முடியின் நுனி தலையிலிருந்து வெளியே வந்து நாலு வருடம் ஆகியிருக்கும். நாலு வருடச் சீப்பும் சிக்கும் அதன் மேல் பட்டிருக்கிறது.

மலையில் இந்தத் தேய்மானம் கொஞ்சம் வேறு மாதிரி. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். குளிரில் வெயில் உறைக்காததால் நாம் அதை நினைப்பதே இல்லை. அதைவிடப் பெரிய எதிரி ஸ்வெட்டர். ஆட்டு ரோமத்திலும் நம் முடியைப் போலவே செதில் உண்டு. செதிலோடு செதில் உரசினால் முடிதான் தோற்கும். தோளைத் தாண்டிய முடி கம்பளிக் காலரில் நாள் முழுக்கத் தேய்கிறது. எனக்கு அதிகம் வெடித்திருப்பது சரியாக அந்த உயரத்தில்தான். அப்புறம் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் முடி காயவே காயாது. ஈரத்தோடு பின்னிக்கொள்வோம், இல்லையென்றால் அடுப்புச் சூட்டிலோ ட்ரையரிலோ காட்டுவோம். ஈர முடி இழுத்தால் நீளும், சீக்கிரம் அறும்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

பார்லரின் ஒரே பலம் நேர்கோடு. பின்னால் இருந்து பார்க்கிற ஒருவர் நல்ல கத்தரியோடு வெட்டும்போது அடிக்கோடு சுத்தமாக வரும். பலவீனம் அளவு. ஒரு இன்ச்சுக்குக் குறைவாக எடுத்தால் வேலை பார்த்த மாதிரியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இன்னொன்று, எல்லா முடியும் ஒரே இடத்தில் வெடிப்பதில்லை. கோடு போட்டு வெட்டும்போது கோட்டுக்குக் கீழே இருந்த நல்ல முடியும் போகிறது, மேலே வெடித்த முடி அப்படியே நிற்கிறது. முடியை வளர்க்காமல் ஒரே நீளத்தில் வைத்திருப்பவர்களுக்குப் பார்லரே போதும். வளர்ப்பவர்களுக்கு வருடம் ஒரு தடவை, அதுவும் ஸ்கேலில் அளவைக் காட்டிவிட்டு.

வீட்டில் நேர் வெட்டு என்றால் பெரும்பாலோர் செய்வது, நடுவகிடு எடுத்து முடியை இரண்டாகப் பிரித்து, தோளுக்கு முன்னால் கொண்டுவந்து பக்கத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வெட்டுவது. கண்ணுக்கு முன்னால் நடப்பதால் தைரியமாக இருக்கும். ஆனால் முதுகின் நடுவில் இருக்கும் முடி முன்னால் வர அதிக தூரம் சுற்றுகிறது. அதனால் வெட்டி முடித்துப் பின்னால் விட்டால் நடுவில் நீளமாகவும் ஓரத்தில் குட்டையாகவும் கூராக இறங்கும். அந்த வடிவம் பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்யலாம், பின்னலுக்கு அது அழகாகத்தான் இருக்கும். நேர்கோடுதான் வேண்டும் என்றால் வேறு ஒருவர் வேண்டும். எனக்கு என் அத்தை வெட்டுகிறார்கள். முடியைச் சீவி, கழுத்தடியில் ஒரு பேண்ட், நான்கு விரலுக்கு ஒன்றாக நுனி வரை பேண்ட் போட்டு, கடைசிப் பேண்டுக்குக் கீழே அரை சென்டிமீட்டர். "இவ்வளவுதானா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். "இவ்வளவுதான் அத்தை" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

முறுக்கி வெட்டுவது மூன்றாவது வழி. விரல் தடிமனுக்கு ஒரு கற்றையை எடுத்துக் கயிறு மாதிரி முறுக்கினால் குட்டை நுனிகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். மேலிருந்து கீழே கத்தரியை ஓட்டி அவற்றை மட்டும் எடுக்க வேண்டும். நீளம் குறையாது, அரை மணி நேரத்தில் தலை முழுக்க முடிந்துவிடும். முதலில் எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. கொஞ்ச நாள் கழித்து, வெட்டி விழுந்ததை ஒரு வெள்ளைத் தாளில் போட்டு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெடிப்பே இல்லை. நுனி ஊசி மாதிரி மெலிந்து கூராக இருந்தது. புதிதாக முளைத்து வளர்ந்துகொண்டிருக்கும், இதுவரை கத்தரியே படாத முடி அப்படித்தான் இருக்கும். வெட்டுப்பட்ட முடியின் நுனி மொட்டையாக இருக்கும், வெடித்தது இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்னல் அடர்த்தியாவதற்காக வளர்ந்துவரும் குட்டை முடியைத்தான் நான் கத்தரித்துக்கொண்டிருந்தேன். முறுக்கிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் துருத்துவதையெல்லாம் வெட்டக்கூடாது. பின்னலில் துருத்துவதை வெட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வெடித்த நுனியை எடுப்பதற்கென்று விற்கிற மெஷின் இதே தப்பை வேகமாகச் செய்கிறது. என் நாத்தனார் ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தாள், இரண்டு மாதம் இருவரும் போட்டுப் பார்த்தோம். கற்றையைக் கவ்வி வைத்து மெதுவாக இழுத்தால், வளைந்து மேலே வரும் நுனிகளை உள்ளே இருக்கும் பிளேடு சில மில்லிமீட்டர் வெட்டும். வெடித்ததா நல்லதா என்று அதற்குத் தெரியாது. அவளுடையது நேர் முடி, சிக்கு எடுத்துவிட்டுப் போட்டால் ஓரளவு சுத்தமாக வந்தது. என்னுடையது அலை முடி. வளைவெல்லாம் நுனி என்று நினைத்து நடுவிலேயே வெட்டியது. பிளேடு மழுங்கினால் வெட்டாமல் நசுக்கும், நசுங்கிய இடம் மறுபடி வெடிக்கும். அலை முடி, சுருள் முடி உள்ளவர்கள் வாங்கவே வேண்டாம்.

ஒவ்வொரு முடியாகத் தேடி வெட்டுவதுதான் நான் கடைசியில் வந்து நின்ற வழி. மெதுவான வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், மஞ்சு விலகி வெயில் வந்த பிறகு கிழக்கு ஜன்னலோரம் உட்காருவேன். மடியில் வெள்ளைத் துண்டு. முடி உலர்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் வெடிப்பு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் வைத்த அன்றும் அப்படியே. சின்னக் கற்றையை விரலில் சுற்றி, நுனியை வெளிச்சத்தில் விசிறி மாதிரி பரப்பிப் பார்த்தால் கவட்டை மாதிரி பிரிந்தது, இறகு மாதிரி பல கிளை விட்டது, ஒற்றை முடியிலேயே விழுந்த முடிச்சு எல்லாம் தெரியும். சில முடியில் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். அது பொடுகு இல்லை, உறை உடைந்து முடி அறப்போகும் இடம். வெட்டும் இடம் பிளவு முடிகிற இடத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே. பிளவுக்குள்ளேயே வெட்டினால் மிச்சம் மேலே ஏறும். முடிச்சு, வெள்ளைப் புள்ளி எல்லாவற்றுக்கும் அதே அளவு.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் கண் களைத்துக் கை தப்பும். முதல் தடவை முழுத் தலையும் பார்க்க எனக்கு ஐந்து ஞாயிறு ஆனது. இப்போது மாதத்துக்கு இரண்டு ஞாயிறு போதுமாக இருக்கிறது. நல்ல முடி ஒன்றுகூட வீணாகப் போவதில்லை என்பதால்தான் இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். குறை என்னவென்றால் அடிக்கோடு நேராகாது. அதனால்தான் நாலு மாதத்துக்கு ஒரு முறை அத்தையிடம் போய் உட்காருகிறேன்.

கத்தரி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். முடி வெட்டுவதற்கென்றே விற்கிற கத்தரி ஒன்று வேண்டும், அதை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. பால் பாக்கெட் வெட்டும் கத்தரி முடியை நசுக்கித்தான் அறுக்கும், பதினைந்து நாளில் அதே இடத்தில் புது வெடிப்பு. என்னுடையதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன், வீட்டில் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.

வெட்டாமலே ஒட்டவைக்கிறேன் என்று வரும் சீரம் எல்லாம் டைமெத்திகோன் மாதிரியான சிலிக்கோன் பூச்சு. பிளவை மூடி வழவழப்பாகக் காட்டும், கழுவக் கழுவப் போய்விடும். உரசலைக் குறைப்பதால் கம்பளி போடும் நாளில் நுனியில் இரண்டு சொட்டு நல்லதுதான், ஆனால் பிரிந்த நார் சேராது. முட்டையும் வெந்தயமும் சேர்க்காது. மெழுகுவர்த்தியில் நுனியைக் கருக்கும் முறையைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் வேறு. 2003-இல் வெளியான ரெலே, மொஹிலே ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். குளிக்கும் முன் வைத்தாலும் பின் வைத்தாலும் முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். வெடித்ததை அது சேர்க்காது, வெடிக்கப்போவதைத் தள்ளிப்போடும். இங்கே ஒரு தொல்லை, 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் டப்பாவில் கட்டிதான். கட்டியை அப்படியே தலையில் வைத்துத் தேய்த்தால் இழுபட்டு முடி அறும். டப்பாவைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி உருக்கிக்கொள்ளுங்கள். இந்த மலையின் தோடர் பெண்கள் முடியை வெண்ணெய் தடவிச் சுருள் சுருளாகத் தொங்கவிடுவது பழைய வழக்கம். குளிர் ஊரில் நீள முடிக்குக் கொழுப்பு எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

ஸ்டெப் கட், அதாவது மேலே குட்டையும் கீழே நீளமுமாக அடுக்கடுக்காக வெட்டிய முடியை வளர்க்கிறவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. உங்களுக்கு அடிக்கோட்டைத் தொடும் முடி குறைவு, அதனால் நேர் வெட்டு உங்கள் நீளமான அடுக்கையே தின்னும். முதல் வருடம் நேர் வெட்டே வேண்டாம், தேடி வெட்டுவது மட்டும். மேல் அடுக்கு தோளைத் தாண்டிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அடியில் எடுத்தால், குட்டை அடுக்கு மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும்.