தானமா, சட்டமா, கடனா: நிலம் கைமாறிய மூன்று வழிகள்

1951 ஏப்ரல் 18. தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தலித் மக்கள் காந்தியவாதி வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் கேட்டார்கள். கூட்டத்தில் இருந்த ராமச்சந்திர ரெட்டி எழுந்து, 100 ஏக்கர் தருகிறேன் என்றார். பூதானம் என்ற நில தான இயக்கம் பிறந்தது அப்படித்தான். இலக்கு 5 கோடி ஏக்கர். எழுதிக் கொடுக்கப்பட்டது 40 லட்சத்துக்குச் சற்று மேல். அதிலும் பாறை, களர், வழக்கில் கிடந்த நிலம் என்று நிறையக் கழிந்தது. எதைக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே தீர்மானித்தால் வாய்க்காலோர நஞ்சை எப்படி வரும்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். பார்த்திருக்க வேண்டும்.

நில உச்சவரம்புச் சட்டத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. உபரி நிலம் உன் கருணை இல்லை, அடுத்தவர் பங்கு என்கிறது. நியாயம் என்று பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். தமிழ்நாட்டில் 1961 சட்டப்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்); 1970இல் அது 15 ஆனது. ஆனால் உறவினர் பெயர், பினாமி, அறக்கட்டளை என்று நிலம் பதுங்கிக்கொண்டது. காகிதத்தில் மிராசுதார் இளைத்தார். நெல் என்னவோ அதே பத்தாயத்துக்குத்தான் போனது.

1961க்கும் 1970க்கும் நடுவே, கீழத்தஞ்சைக் கிராமமான கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறின் முடிவில், விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பூதானத்துக்காக ஊர் ஊராக நடந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியைக் கீழத்தஞ்சைக்கு இழுத்து வந்தது அந்தச் சாம்பல்தான். 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி (உழுபவரின் விடுதலைக்கு நிலம்) என்ற அமைப்பு, மூன்றாவது வழியைப் பிடித்தது: வங்கிக் கடன் வாங்கு, நிலத்தை விலை பேசு, குடும்பத்துக்கு ஓர் ஏக்கராகப் பிரித்துப் பெண்ணின் பெயரில் பதிவு செய். பத்திரச் செலவே மலைக்க வைக்கும் என்பதால் முத்திரைத்தாள் கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. 10,000 ஏக்கருக்கு மேல் இப்படிக் கைமாறியது.

பத்திரம் பெண் பெயரில் இருப்பது சின்ன விஷயமில்லை. புருஷன் குடிக்கு அடகு வைக்க நினைத்தாலும் கையெழுத்துக்கு அவளிடம்தான் வர வேண்டும். விற்றவருக்கும் காசு வந்துவிட்டதால் பகை குறைவு.

ஆனாலும் உறுத்துகிறது. அந்த வயலில் பாட்டன் காலம் முதல் நாற்று நட்டு, களை பறித்து, அதன் மதிப்பையே உண்டாக்கியவர்கள் கடனில் நிலம் வாங்கிய இவர்கள். அந்த மதிப்பைத்தான் விலையாக்கி, தவணை போட்டு, இவர்களிடமே வசூலித்தார்கள்.