கேப் கோரலில் படகுத்துறையோடு வீடு தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மிச்சிகன், நியூஜெர்சி, இல்லினாய் பக்கம் இருக்கும் நம்மவர்களில் நிறையப் பேர் ரிடையரானதும் ஃபுளோரிடா போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் என்றால் அவர்கள் கண் முதலில் போவது தென்மேற்குக் கரையில் இருக்கும் கேப் கோரல் மீதுதான். நாங்களும் அப்படித்தான் 2024 தொடக்கத்தில் அங்கே கால்வாய்க் கரையில் ஒரு வீடு வாங்கினோம். விற்ற கம்பெனியும் வீட்டைக் காட்டிய ஏஜென்டும் மூன்று விஷயங்களில் எங்களிடம் பொய் சொன்னார்கள். படகு கடலுக்குப் போகும் வழி ஒன்று. கரைச்சுவர் இன்னொன்று. 2022 புயல் வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்குள் நடந்த ரிப்பேர் மூன்றாவது. முப்பது வருஷம் சேர்த்த பணத்தில் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிட்டது. வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1957-ல் ரோசன் சகோதரர்கள் நிலத்தை வாங்கி, கால்வாய் வெட்டி, வெட்டியெடுத்த மண்ணைக் கொட்டி மேடாக்கி, மனை போட்டு விற்ற ஊர் இது. இன்றைக்குக் கால்வாய்களின் நீளம் சுமார் 400 மைல். ஆனால் எல்லாக் கால்வாயும் கடலுக்குப் போவதில்லை. உள்பகுதியில் இருப்பவை நன்னீர்க் கால்வாய்கள். தடுப்பணையைத் தாண்டிப் படகு வெளியே போக முடியாது. உப்புநீர்க் கால்வாய்கள்தான் கலூசஹாட்சி ஆற்றுக்கோ மட்லஷே பாஸ் என்ற கடற்கழிக்கோ போய்ச் சேரும். அந்த வழியிலும் உயர்த்த முடியாத, நிலையான பாலங்கள் குறுக்கே இருக்கலாம். பாலமே இல்லாத வழி இருந்தால் ‘செயில்போட் ஆக்சஸ்’, அதாவது உயரமான பாய்மரப் படகும் போகும் வழி, என்று போட்டு விலையை ஏற்றிவிடுவார்கள். பாலம் இருந்தால் வெறும் ‘கல்ஃப் ஆக்சஸ்’, அதாவது வளைகுடாக் கடலுக்கு வழி உண்டு என்பது மட்டும். பாலம் எவ்வளவு உயரம், கடலுக்குப் போக எவ்வளவு நேரம், தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது எதுவும் விளம்பரத்தில் இருக்காது.

எங்கள் வீட்டு விளம்பரத்தில் ‘கல்ஃப் ஆக்சஸ்’ என்று இருந்தது. ஆற்றுக்குப் பதினைந்து நிமிஷம் என்றார் ஏஜென்ட். வழியில் ஒரு பாலம் இருப்பதையும் சொன்னார். பத்தடிக்கு மேல் உயரம், உங்கள் படகு தாராளமாகப் போகும் என்றார். எங்கள் படகு 25 அடி நீளம், மேலே ஃபைபர் கூரை உண்டு. தண்ணீர் மட்டத்திலிருந்து கூரை உச்சிக்கு ஒன்பது அடிக்குக் கொஞ்சம் மேல். இந்த அளவை எழுதி மெயிலில் கேட்டேன். பதில் போனில் வந்தது. என் மனைவி இன்னொரு முறை மெயிலில் கேட்டாள். அதற்கும் போன்தான். பிறகு ஒரு நாள் நேரிலேயே காட்டுகிறேன் என்று தன் தட்டைப்படகில், அந்த அலுமினிய உருளைகள் மேல் மிதக்கும் பொந்தூன் படகில், ஏற்றிக்கொண்டு போனார். துணிக்கூரையை முன்னாலேயே மடக்கி வைத்திருந்தார். தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம் அது. பாலத்துக்கு அடியில் நாங்கள் நின்றுகொண்டே போனோம்.

மிச்சிகனில் நான் படகு ஓட்டியதெல்லாம் செயின்ட் கிளேர் ஏரியில். அங்கே தண்ணீர் ஒரே நாளில் ஏறி இறங்குகிற கணக்கு கிடையாது. ஏரிகளில் பழகியவர்கள்தான் இந்த வியாபாரத்துக்கு வசதியான ஆட்கள், அது அந்த ஏஜென்டுக்கு நன்றாகவே தெரியும். வீட்டுக்குக் குடிவந்து, படகை லாரியில் கொண்டுவந்து இறக்கிய பிறகு அளந்தோம். தண்ணீர் ஏறியிருக்கும்போது பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எட்டரை அடிகூட இல்லை. வற்றியிருக்கும்போது ஏதோ தப்பித்துப் போகலாம், ஆனால் திரும்பி வரும் நேரத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் பாலத்துக்கு அந்தப் பக்கமே காத்திருக்க வேண்டியதுதான். பதினைந்து நிமிஷம் என்ற பேச்சும் பொய். கால்வாய்க்குள் அலை எழுப்பாமல் ஊர்ந்துதான் போக வேண்டும், அது சட்டம். ஆற்றில் மனாட்டி என்ற கடற்பசுக்களுக்காக வேகக் கட்டுப்பாடு உண்டு. எங்கள் துறையிலிருந்து ஆற்றைத் தொடவே ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகிறது. ஆற்று முகத்துவாரம், அங்கே ‘மிசரபிள் மைல்’ என்று சொல்லும் பகுதி, சனிபெல் பாலம் எல்லாம் அதற்கும் அப்பால். இவற்றைத் தாண்டினால்தான் திறந்த கடல்.

வீடு பார்க்கப் போகும்போது உங்கள் படகின் உயரத்துக்கு ஒரு பிவிசி குழாயை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு வாடகைப் படகு பிடித்து, வீட்டுத் துறையிலிருந்து திறந்த கடல் வரைக்கும் நீங்களே போங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். குளிர்காலத்தில் வடக்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீர் வழக்கத்தைவிடக் கீழே போய்விடும், துறையில் படகைத் தூக்கி வைக்கும் லிஃப்டிலிருந்து அதை இறக்கினால் தரை தட்டும். அதனால் ஆழத்தை வற்றத்தில் பாருங்கள், உயரத்தை ஏற்றத்தில் பாருங்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். படகை ஒரு மரீனாவில், அதாவது வாடகைக்குப் படகு நிறுத்தும் இடத்தில், அடுக்கில் நிறுத்திவிட்டோம், மாத வாடகை போகிறது, அவ்வளவுதான். கரைச்சுவர் அப்படியில்லை.

சீவால் என்று அங்கே சொல்லும் கரைச்சுவர்தான் இந்த வீடுகளுக்கெல்லாம் ஆதாரம். கான்கிரீட் பலகைகளை வரிசையாகத் தரையில் இறக்கி, மேலே தொப்பி மாதிரி கான்கிரீட் தலைப்பு கட்டி, பின்பக்கம் மண்ணுக்குள் புதைத்த நங்கூரக் கட்டைகளோடு இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். உப்புநீரில் அந்தக் கம்பி துருப்பிடிக்கும். பலகையில் இருக்கும் வடிகால் துளைகள் அடைபட்டால் மழைத் தண்ணீர் மண்ணிலேயே தங்கி, சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். புயல் சமயத்தில் ஆபத்து இரண்டு மடங்கு: கால்வாய்த் தண்ணீர் ஏறி மண்ணை ஊறவைத்துவிட்டுச் சட்டென்று இறங்கும்போது, முன்னால் தாங்குவதற்குத் தண்ணீர் இல்லை, பின்னால் ஈரமண்ணின் பாரம் முழுவதும் சுவர் மேல். 2022 செப்டம்பர் 28 அன்று ஐயன் புயல் கயோ கோஸ்டா தீவில் கரையேறியபோது இந்தப் பகுதியில் ஏராளமான கரைச்சுவர்கள் இப்படித்தான் சரிந்தன.

எங்கள் வீட்டுச் சுவர் அன்று விழவில்லை. ஆனால் கம்பிகள் போய்விட்டன. சுவருக்குப் பின்னால் தரை உள்வாங்கிப் பள்ளமாகியிருக்கிறது. விற்ற கம்பெனி அந்தப் பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, புதுப் புல்வெளி விரித்து, ஓரமாகச் சிப்பி கொட்டி, தலைப்பில் இருந்த விரிசல்களைப் பூசி வெள்ளையடித்திருக்கிறது. நாங்கள் பார்த்தபோது கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சென்று இருந்தது. ‘சுவர் ஐயனையே தாங்கிய சுவர்’ என்று ஏஜென்ட் அதையே பெருமையாகச் சொன்னார். வீட்டைச் சோதித்த இன்ஸ்பெக்டர் அறிக்கையில் கரைச்சுவர் சோதனையில் அடங்காது என்று ஒரு வரி இருக்கும். அது அங்கே வழக்கம். சுவருக்குத் தனி ஆள் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, கம்பெனி ஏற்கெனவே பார்த்துவிட்டது, அறிக்கை அனுப்புகிறோம் என்றார்கள். அறிக்கை வரவே இல்லை.

கோடை மழையில் புல்வெளி மறுபடி பள்ளமானது. அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் சியெஸ்டா கீயில் கரையேறியது. எங்களுக்கு வடக்கே ரொம்ப தூரம்தான், ஆனாலும் கால்வாய் பொங்கிச் சுவர் மேல் ஏறி இறங்கியது. காலையில் பார்த்தால் நடுவில் நாலைந்து பலகைகள் கால்வாய்ப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன, படகுத்துறையின் தூண்கள் கோணிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஒஹாயோக்காரர், அப்போதுதான் தன் போனில் இருந்த பழைய படங்களைக் காட்டினார். ஐயனுக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் இடுப்பளவு பள்ளம். கம்பெனி ஆட்கள் லாரியில் மண் கொண்டுவந்து கொட்டுவதையும் படமெடுத்திருந்தார். அந்த மனிதருக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது.

80 அடி அகல மனை. புதுச் சுவருக்கு ஒப்பந்தக்காரர் கேட்டது 90,000 டாலருக்குப் பக்கம். துறையையும் லிஃப்டையும் கழற்றி மாட்டுவது தனி. மத்திய அரசின் வெள்ள இன்சூரன்ஸ் கரைச்சுவருக்கும் படகுத்துறைக்கும் ஒரு டாலர்கூடத் தராது, பாலிசியிலேயே விலக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு இன்சூரன்ஸும் கைவிரித்தது. அதனால் கரைச்சுவர் கட்டும் ஒருவரை நீங்களே தேடிப்பிடித்து, உங்கள் பணம் கொடுத்து, தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் படகிலிருந்து சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டப் பக்கம் புதுப்புல் இருந்தால் கம்பியால் குத்திப் பாருங்கள். விற்பவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி உள்வேலை. ஐயனில் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. கீழ்ச்சுவர்ப் பலகைகள், மின் இணைப்புகள், அலமாரிகள் எல்லாம் பெர்மிட் இல்லாமல் மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் கேட்டபோது காட்டிய பெர்மிட் கூரைக்கானது. உள்வேலையும் அதிலேயே அடக்கம் என்றார்கள். சுத்தப் பொய். 2024 வசந்தத்தில், பெர்மிட் இல்லாத ரிப்பேர்கள் அதிகம் என்று சொல்லி, ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு கேப் கோரலிலும் பக்கத்து ஊர்களிலும் வெள்ள இன்சூரன்ஸுக்கு இருந்த 25 சதவீதத் தள்ளுபடியை எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. ஜூலையில்தான் கேப் கோரலுக்குத் தள்ளுபடி தொடரும் என்று முடிவானது. அந்த இடைவெளியில்தான் எங்கள் வீட்டுக்கும் நகராட்சிக் கடிதம் வந்தது. முடிந்துபோன வேலைக்கு அப்புறமாகப் பெர்மிட் எடுக்க, பூசிய சுவரை மறுபடி திறந்து காட்ட வேண்டியிருந்தது.

அங்கே 50 சதவீத விதி என்று ஒன்று இருக்கிறது. வெள்ளப் பகுதியில் சேதத்தின் அளவோ மராமத்துச் செலவோ கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், வீடு முழுவதையும் இன்றைய வெள்ள விதிப்படி உயர்த்தியாக வேண்டும். கட்டடத்தின் மதிப்பு என்றால் மனை சேராது. கரையோரத்தில் விலை பெரும்பாலும் மனைக்குத்தான். 6 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய பழைய வீட்டில் கட்டடத்தின் மதிப்பு ஒன்றரை லட்சம்தான் என்றால், 75,000 டாலர் வேலையிலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். நாங்கள் மயிரிழையில் தப்பினோம். நகராட்சி இணையதளத்தில் முகவரியைப் போட்டு பெர்மிட் வரலாற்றைப் பாருங்கள். தெருவே மூழ்கிய ஊரில், புத்தம்புதுச் சுவர்ப் பலகை இருக்கிறது, ஆனால் பெர்மிட் எதுவும் இல்லை என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

வக்கீலிடம் போனோம். ‘அப்படியே உள்ளபடி’ என்ற ஒப்பந்தத்தில் வாங்கினாலும் உரிமை போய்விடாது என்றார். விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் கண்ணுக்கு எளிதில் படாத, மதிப்பைப் பாதிக்கும் குறையை மறைக்கக் கூடாது என்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 1985-லேயே ஜான்சன், டேவிஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. விற்பவருக்குக் குறை தெரியும் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். கம்பெனியோ தன் படிவத்தில் ‘நாங்கள் இங்கே குடியிருந்ததில்லை, எங்களுக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்தது. ஒஹாயோ பெரியவரின் படங்கள் இல்லாவிட்டால் கேஸே இல்லை. படங்களோடு நோட்டீஸ் போனபோது அந்தக் கம்பெனியே கலைக்கப்பட்டிருந்தது. அதில் பணமும் இல்லை.

ஏஜென்ட் ‘நான் உங்கள் ஆள்’ என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஃபுளோரிடா சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், ஏஜென்ட் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவர் மட்டுமே. உங்களுக்காக மட்டும் வேலை செய்ய வேண்டுமென்றால் அதைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல், வெள்ள இன்சூரன்ஸ் கோரியதுண்டா, வெள்ளச் சேதத்துக்கு மத்திய அரசின் உதவி பெற்றதுண்டா என்பதை விற்பவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நாங்கள் வாங்குவதற்கு முன்பே அது வந்திருக்கக் கூடாதா. இப்போது வாங்குபவர்கள் அந்தத் தாள் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

இன்னும் சில விஷயங்கள், சுருக்கமாக. நகராட்சி தண்ணீர், கழிவுநீர்க் குழாய் போட்டதற்கான பாக்கி மனையோடு சேர்ந்து உங்கள் தலையில் விழும்; சில இடங்களில் அது 20,000 டாலருக்கு மேல். முழுதும் கட்டியாகிவிட்டதா என்று நகராட்சியிலேயே கேளுங்கள். பழைய சொந்தக்காரர் கட்டிய வரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கைமாறியதும் மதிப்பு புதிதாகப் போடப்படும். அரசு வெள்ள இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான் தரும்.

சுவர் கட்டி முடித்துவிட்டோம். ஏஜென்ட் மீது மாநில உரிமத் துறையில் கொடுத்த புகார் விசாரணையில் இருக்கிறது, அதனால் பெயர்களை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அவர் இப்போதும் வீடு காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். நீங்கள் பார்க்கும் வீட்டை விற்பது ஐயனுக்குப் பிறகு வாங்கிய ஒரு கம்பெனி என்றால், முன்பணம் கொடுப்பதற்குள் எனக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள். நானும் என் மனைவியும் போய்ப் பாலத்தை அளந்து, சுவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.