நீலகிரியில இருந்து மெடிக்ளைம் எடுக்கறவங்களுக்கு: முதல்வர் அட்டை, கம்பெனி கவர், ஆரோக்ய சஞ்சீவனி, பெரிய ஃப்ளோட்டர், சூப்பர் டாப்-அப் ஒப்பீடு

கோத்தகிரி குன்னூர் பக்கம் மெடிக்ளைம் பேச்சு எடுத்தாலே வருஷத்துக்கு எவ்ளோ கட்டணும்னுதான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. நான் அதை கடைசியா கேக்கச் சொல்லுவேன். முதல்ல வீட்ல உக்காந்து யோசிக்க வேண்டியது, அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா எந்த ஊர்ல, எந்த ஆஸ்பத்திரில, எந்த மாதிரி ரூம்ல சேப்போம்ங்கறதுதான். ஊட்டில 2025 ஏப்ரல்ல 700 பெட்டோட மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி திறந்தது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல், அதுல சந்தேகமே இல்ல, ஆனாலும் பிரைவேட்ல காட்டணும்னு நினைக்கறவங்க பைபாஸ், கேன்சர், முட்டி ஆபரேஷன்னா பர்லியார் தாண்டி கோயம்புத்தூருக்குத்தான் இறங்கறோம். கூடலூர் பந்தலூர்க்காரங்க சுல்தான் பத்தேரி, பெருந்தல்மண்ணா, மைசூர்னு போவாங்க. அப்போ நாம வாங்கற பாலிசி மலையில வாங்கினாலும் பில்லு வரப்போறது கீழ இருக்கற ஆஸ்பத்திரில. இதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாருங்க.

முதல்ல முதல்வர் காப்பீட்டு அட்டை. வருஷ வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள்ள இருக்கற குடும்பத்துக்கு, வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும், நம்ம கைல இருந்து பிரீமியம் ஒரு ரூபா கிடையாது. விஏஓ கிட்ட வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல பதியணும். ஏற்கனவே சர்க்கரை இருக்கு பிரஷர் இருக்குன்னு தள்ள மாட்டாங்க, வெயிட்டிங் பீரியட் (எடுத்து இத்தனை மாசம் கழிச்சுத்தான் கவர்னு வைக்கற காலம்) கிடையாது, இந்த ரெண்டும் எந்த பிரைவேட் பாலிசியும் இந்த விலைக்கு தராத விஷயம். ஆனா பட்டியல்ல இருக்கற சிகிச்சைக்கு மட்டும்தான், அதுவும் அந்த திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரில மட்டும்தான், நினைச்ச டாக்டர் நினைச்ச தனி ரூம்லாம் இதுல எதிர்பாக்கக் கூடாது. ரெண்டு ஏக்கர் தேயிலை வச்சுட்டு பச்சை இலை விலைய நம்பி இருக்கற குடும்பம் தகுதி இருந்தா இதை கண்டிப்பா எடுத்து வைக்கணும், பிரைவேட் பாலிசி வாங்கினாலும் இதை விடாதீங்க.

அடுத்தது பையனோ பொண்ணோ வேலை பாக்கற கம்பெனி தர்ற குரூப் கவர். பெங்களூர்ல கோயம்புத்தூர்ல ஐடில இருக்கற பிள்ளைங்க அப்பா அம்மாவையும் அதுல சேத்திருப்பாங்க, பெரும்பாலும் முதல் நாள்ல இருந்தே பழைய நோய்க்கும் கவர் உண்டு, பிரசவ செலவும் வரும். வயசான பெத்தவங்களுக்கு இதை விட சுலபமான வழி இல்லன்னே சொல்லலாம். சிக்கல் எங்கன்னா, வேலை போனா கவரும் போச்சு, இல்ல அடுத்த வருஷம் கம்பெனி செலவை குறைக்கணும்னு பெத்தவங்கள எடுத்துட்டாலும் போச்சு, அப்போ 64 வயசுல புதுசா பாலிசி தேடணும், வெயிட்டிங் பீரியட் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். வேலைய விடும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாத்திக்க வழி இருக்கு, குரூப்ல இருந்த காலத்தையும் கணக்குல எடுத்துக்குவாங்க, கடைசி நாள் வரைக்கும் விடாம முன்னாடியே கேட்டு எழுதி வாங்குங்க. (கூட்டமா சேந்தா தனியா கிடைக்காதது கிடைக்கும்ங்கறதுக்கு நம்ம மாவட்டத்துலயே பழைய உதாரணம் இருக்கு, கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரிக்காரங்க 1992லயே ஆதிவாசி குடும்பங்களுக்கு குரூப் இன்சூரன்ஸ் ஆரம்பிச்சுட்டாங்க, ஊர்ல பாதி பேருக்கு அந்த வார்த்தையே தெரியாத காலம் அது.)

ராணுவத்துல இருந்து வந்து இசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டு வச்சிருக்கறவங்களுக்கு தனக்கும் மனைவிக்கும் அது போதும், ஆனா சம்பாதிக்க ஆரம்பிச்ச பையன் அதுல வரமாட்டான், அவனுக்கு தனியா பாக்கணும்.

இப்போ காசு குடுத்து வாங்கறது. இதுல ஆரோக்ய சஞ்சீவனின்னு ஒண்ணு, 2020 ஏப்ரல்ல இருந்து எல்லா கம்பெனியும் விக்கணும்னு ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கட்டுப்படுத்தற அமைப்பு) கொண்டுவந்த பொதுவான பாலிசி. எந்த கம்பெனில வாங்கினாலும் ஷரத்து ஒண்ணுதான், விலையும் கிளைம் குடுக்கற லட்சணமும்தான் மாறும், அதனால ஏஜென்ட் வாய்ப்பேச்சுல மயங்க இதுல இடம் கம்மி. ரூம் வாடகை கவர் தொகைல 2 சதவீதம், அதிகபட்சம் நாளைக்கு 5000, ஐசியு 10,000, ஒவ்வொரு கிளைம்லயும் 5 சதவீதம் நாம போடணும், கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு கண்ணுக்கு 40,000க்கு மேல வராது, ஆம்புலன்ஸுக்கு ஒரு தடவை சேந்தா 2000. இந்த 2000தான் மலைக்காரங்க உத்து பாக்க வேண்டியது. 108 இலவசம், அது சரி, ஆனா ஊட்டி ஆஸ்பத்திரில இருந்து கோயம்புத்தூர் பிரைவேட்டுக்கு வென்டிலேட்டர் வச்ச வண்டில இறக்கறதுன்னா மலையும் சமவெளியுமா 85 கிலோமீட்டருக்கு மேல, அந்த வாடகைல 2000 ஒரு மூலைக்கும் வராது. முழு ஆம்புலன்ஸ் செலவும் தர்ற பாலிசி மார்க்கெட்ல இருக்கு, ரெண்டு பாலிசி கிட்டத்தட்ட ஒரே விலைல வந்து நின்னா நான் அதைத்தான் எடுப்பேன்.

ரூம் வாடகை லிமிட் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா கைல இருந்து பணம் போறதே இதுலதான், நிறைய பேர் ரூம் வித்தியாசத்தை மட்டும் கட்டினா போதும்னு நினைச்சுட்டு இருக்காங்க. உங்க பாலிசில நாளைக்கு 3000ன்னு இருக்கு, நீங்க 6000 ரூபா ரூம்ல 4 நாள் இருந்தீங்கன்னு வைங்க. ரூம் 24,000, ஆபரேஷன் தியேட்டர், டாக்டர், நர்ஸிங் எல்லாம் 1,20,000, மருந்து, டெஸ்ட், உடம்புக்குள்ள வைக்கற பொருள் 60,000, மொத்தம் 2,04,000. உங்க தகுதி 3000 ரூபா ரூம்தானே, நீங்க டபுள் விலைல எடுத்தீங்கன்னு சொல்லி ரூம்ல பாதி 12,000 தருவாங்க, அதோட டாக்டர் தியேட்டர் பில்லையும் பாதியாக்கி 60,000 தருவாங்க, மருந்து டெஸ்ட்ல மட்டும் அப்படி வெட்டக் கூடாதுன்னு விதி இருக்கறதால அது முழுசா 60,000. ஆக வர்றது 1,32,000, நீங்க போடறது 72,000. ரூம் வித்தியாசம் வெறும் 12,000தான், ஆனா போனது 72,000. கீழ போய் சேக்கறப்போ ஷேரிங் ரூம் காலி இல்லைங்கன்னு சொல்லிட்டா நாம என்ன ராத்திரில திரும்ப மலை ஏறி வரவா முடியும், கிடைச்ச ரூம்ல சேக்கத்தான் செய்வோம். அதனால நம்மள மாதிரி வெளியூர் போய் படுக்கறவங்களுக்கு ரூம் லிமிட் இல்லாத பாலிசி, குறைஞ்சது தனி ஏசி ரூம்னு வகை மட்டும் போட்டு ரூபா கணக்கு போடாத பாலிசி, அதுதான் சரிங்கறது என் தீர்மானமான எண்ணம். பிரீமியம் கூட ஆனாலும்.

மண்டல விஷயமும் ஒண்ணு இருக்கு. சில கம்பெனிங்க ஊரை ஏ, பி, சின்னு பிரிச்சு நம்ம மாதிரி சின்ன ஊர் முகவரிக்கு பிரீமியம் குறைச்சு போடுவாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பெரிய நகரத்துல போய் சிகிச்சை எடுத்தா 10, 20 சதவீதம் நாம போடணும்னு உள்ள ஒரு வரி இருக்கும். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் எந்த மண்டலத்துல வருதுன்னு பேரைச் சொல்லி கேளுங்க, வாயால சொன்னா பத்தாது, மெயில்ல வாங்குங்க.

ரூம் லிமிட் இல்லாத பெரிய ஃப்ளோட்டர் (குடும்பம் முழுக்க ஒரே கவர் தொகைய பங்கு போட்டுக்கற பாலிசி) 10 லட்சம், 15 லட்சம்னு ஒரே பாலிசியா எடுக்கறதா, இல்ல 5 லட்சத்துக்கு ஒரு நல்ல அடிப்படை பாலிசியும் அதுக்கு மேல 20 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப்பும் எடுக்கறதா? இதுல நான் ரெண்டாவது பக்கம். பொதுவா ரெண்டும் சேந்தாலும் ஒரே பெரிய பாலிசிய விட குறைவா முடியும், மேல இருக்கற கவர் 5 லட்சம் தாண்டினாத்தான் வேலைக்கு வரும்ங்கறதால அதை மலிவா தர்றாங்க. ஆனா டாப்-அப் வேற, சூப்பர் டாப்-அப் வேற. அம்மாவுக்கு ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ஆஸ்பத்திரி, தடவைக்கு 4 லட்சம்னு வைங்க. வெறும் டாப்-அப் ஒவ்வொரு தடவையும் 5 லட்சம் தாண்டுச்சான்னு பாக்கும், தாண்டலை, ஒண்ணும் தராது. சூப்பர் டாப்-அப் வருஷத்து மொத்தம் 8 லட்சம்னு கூட்டி 5 லட்சம் போக 3 லட்சம் தரும். ஏஜென்ட் ரெண்டும் ஒண்ணுதாங்கன்னு சொன்னா வேற ஏஜென்ட்ட பாருங்க. இதுல ஒரு தொல்லை, ரெண்டும் வேற வேற கம்பெனின்னா கேஷ்லெஸ்ஸுக்கு (நாம கட்டாம கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டறதுக்கு) ரெண்டு பக்கமும் பேசணும், வீட்ல பேப்பர் வேலை பாக்க ஆள் இல்லாதவங்க ரெண்டையும் ஒரே கம்பெனில எடுங்க, இல்லன்னா ஒரே பெரிய பாலிசியே நல்லது.

அப்பா அம்மாவை ஃப்ளோட்டர்ல சேக்கறது பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. சேக்காதீங்க. ஃப்ளோட்டர்ல இருக்கறதுல வயசு கூடுனவரை வச்சுத்தான் விலை போடுவாங்க, 66 வயசு அப்பாவை சேத்தா 9 வயசு குழந்தைக்கும் சேத்து அந்த கணக்குதான், அவங்க ஒரு பெரிய கிளைம் பண்ணிட்டா அந்த வருஷம் மத்தவங்களுக்கு மிச்சம் இருக்கறதும் கம்மி. கணவன் மனைவி குழந்தைங்க ஒரு ஃப்ளோட்டர், பெத்தவங்களுக்கு தனி பாலிசி. 2024 ஏப்ரல்ல இருந்து 65 வயசு தாண்டினவங்களுக்கு பாலிசி இல்லன்னு வயசை மட்டும் காட்டி சொல்ல முடியாதபடி விதி மாறியிருக்கு, ஆனா விலை ஜாஸ்திதான், பல பாலிசில 60க்கு மேல 20 சதவீதம் கோ-பேயும் (பில்லுல நாம போடற பங்கு) இருக்கும். 2025 ஜனவரில ஐஆர்டிஏஐ ஒண்ணு சொல்லிச்சு, மூத்த குடிமக்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல பிரீமியம் ஏத்தணும்னா கம்பெனி ஐஆர்டிஏஐகிட்ட முன்னாடியே கலந்து பேசணும்னு. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர், குடும்ப பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்ல, பழைய விலைப்பட்டியலை காட்டினா புதுசு கேளுங்க.

பழைய நோயை மறைக்கறது பத்தி. சர்க்கரை மாத்திரை சாப்பிடறதை சொன்னா பிரீமியம் ஏறிடும், விடுங்க சார்னு சொல்ற ஏஜென்ட் நிறைய பேர் இருக்காங்க, கிளைம் அன்னிக்கு அவர் வரமாட்டார், உங்க பழைய பிரிஸ்கிரிப்ஷன் மட்டும்தான் வரும். சொல்லிட்டா அதிகபட்சம் 36 மாசம் காத்திருந்தா போதும், முன்னாடி 48 மாசமா இருந்ததை 2024ல குறைச்சாங்க. கண்புரை, குடலிறக்கம், பித்தப்பை கல், முட்டி மாத்தறது இதுக்கெல்லாம் பழைய நோய் இல்லன்னாலும் பெரும்பாலும் 2 வருஷம் காத்திருக்கணும், அதனால முட்டி வலி ஆரம்பிச்ச பிறகு ஓடிப்போய் எடுக்கறதுல பயன் இல்ல. விடாம 60 மாசம் கட்டிட்டீங்கன்னா அப்புறம் மோசடின்னு நிரூபிச்சா தவிர சொல்லாம விட்டதை காட்டி கிளைம மறுக்க முடியாது. விடாமங்கறதுதான் முக்கியம். இலை விலை விழுந்த வருஷம் கட்ட முடியலன்னு பாலிசிய விட்டா எல்லாம் முதல்ல இருந்து, அந்த பயம் இருக்கறவங்க மாசத் தவணைல போடுங்க, தவணை தவறினா 15 நாள் அவகாசம் உண்டு, அந்த 15 நாளும் கவர் இருக்கும்.

அரசு கம்பெனியா பிரைவேட்டா? நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா மாதிரி அரசு கம்பெனிங்க மேல பெரியவங்களுக்கு நம்பிக்கை அதிகம், ஆபீஸ் போய் ஆளைப் பாத்து பேசலாம்ங்கறது நிஜமான சௌகரியம்தான். பிரைவேட்ல ஆப் நல்லா இருக்கும், வசதி அதிகம் இருக்கும். நான் ரெண்டையும் ஒரே ஒரு இடத்துல வச்சுத்தான் அளப்பேன், நீங்க போகப்போற கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு இன்சூரன்ஸ் டெஸ்க்ல கேளுங்க, இந்த கம்பெனி கேஷ்லெஸ் ஓடுதா, அப்ரூவல் எவ்ளோ நேரத்துல வருதுன்னு. அவங்க தினமும் அதைத்தான் பாக்கறாங்க, எந்த விளம்பரத்தை விடவும் அந்த பதில் நம்பலாம். ஐஆர்டிஏஐயோட 2024 மே சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கேட்டா 1 மணி நேரத்துல பதில் தரணும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு 3 மணி நேரம், அதுக்கு மேல தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் சார்ஜ் போட்டா அதை கம்பெனிதான் கட்டணும். நமக்கு இது சும்மா விதி இல்ல, மத்தியானம் விட்டா இருட்டறதுக்குள்ள வீடு, ராத்திரி எட்டு மணிக்கு விட்டா ஆபரேஷன் ஆன ஆளை கூட்டிட்டு கல்லாறு தாண்டி யானை நடமாடற ரோட்டுல ஏறணும், இல்ல கீழயே ரூம் போடணும். அதனால டிஸ்சார்ஜ் அன்னிக்கு காலைலயே டெஸ்க்ல போய் பில்லை அனுப்பிட்டாங்களா, எத்தனை மணிக்கு அனுப்பினாங்கன்னு கேட்டு குறிச்சுக்கோங்க. கம்பெனியோட நெட்வொர்க்ல (ஒப்பந்தப் பட்டியல்ல) இல்லாத ஆஸ்பத்திரினாலும் திட்டமிட்ட ஆபரேஷன்னா 48 மணி நேரம் முன்னாடி, அவசரம்னா சேத்த 48 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்கு சொல்லி கேஷ்லெஸ் கேக்கலாம், 2024 ஜனவரில இருந்து அந்த ஏற்பாடு இருக்கு, ஆஸ்பத்திரி ஒத்துக்கணும், அவ்ளோதான்.

கிளைம மறுத்துட்டாங்கன்னா எழுத்துல காரணம் வாங்கி முதல்ல கம்பெனிக்கு புகார், 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா சென்னைல இருக்கற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறை தீர்க்கற அதிகாரி) கிட்ட போகலாம், வக்கீல் வேண்டாம், ஃபீஸ் கிடையாது, 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம். ஐஆர்டிஏஐ நம்பர் 155255.

ஏற்கனவே பாலிசி வச்சிருந்து ரூம் லிமிட், மண்டலம், ஆம்புலன்ஸ் எதுவும் சரியில்லன்னு இப்பத்தான் தெரியுதுன்னா அதை நிறுத்திடாதீங்க, ரினியூவல் தேதிக்கு 45 நாள் முன்னாடி வேற கம்பெனிக்கு போர்ட் பண்ண (பாலிசிய மாத்திக்க) அப்ளை பண்ணுங்க, இதுவரைக்கும் காத்திருந்த வருஷமெல்லாம் பழைய கவர் தொகை அளவுக்கு கூடவே வரும். புது கம்பெனி எடுத்துக்கிட்டோம்னு எழுத்துல சொல்ற வரைக்கும் பழசுக்கு பணம் கட்டறதை விடவே விடாதீங்க, புதுசா எடுக்கற பாலிசின்னா கைக்கு வந்ததும் 30 நாள்குள்ள படிச்சு பாத்து பிடிக்கலைன்னா திருப்பிக் குடுக்கலாம், ஆனா போர்ட் பண்ணி வாங்கினதுக்கு பொதுவா அந்த வசதி இருக்காது, பழசும் அதுக்குள்ள காலாவதி ஆகியிருக்கும், அதனால போர்ட் பண்றவங்க ஷரத்து முழுசையும் பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கி படிச்சிடுங்க.