ஒரு செய்திக்கு ஒரே மாவட்டம்: நிருபர் ஆப், நீண்டகால அனுபவம்

காங்கேயத்தில் இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். பேப்பருக்கு எழுதிக்கொண்டிருப்பவனை டிஜிட்டல் பிரிவுக்கு, அதாவது நிருபர் தன் போனிலிருந்தே செய்தி ஏற்றும் ஆப்புக்கு, மாறச் சொல்கிறார்களாம். "ஏனுங்ணா, நீங்கதான் ரொம்ப வருசமா அந்த ஆப்ல மேட்டர் போடறீங்க. எப்படீங்ணா இருக்குது? மாறிக்கலாமுங்களா?" என்றான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன், இதே கேள்வியோடு இன்னும் பலர் இருக்கிறார்கள்.

படம் ஏற்றுவது, தலைப்பு, டேக் எல்லாம் எந்த நிறுவனத்து நிருபர் ஆப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் எனக்குப் பிடித்தது. கோபி, சத்தியமங்கலம் பக்கம் படத்தைக் கவரில் போட்டு ஈரோடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய காலம் உண்டு. அப்புறம் பேக்ஸ், அதற்கப்புறம் மெயில். எது வந்தாலும் பேப்பரில் தாலுகா செய்திப் பக்கம் அச்சுக்கு முடிகிற நேரம் மட்டும் மாறவே இல்லை. பவானிசாகர் அணையின் முழு நீர்மட்டம் 105 அடி. நீர்மட்டம் அதை நெருங்கும்போது உபரி நீர் திறக்கும் முடிவு இரவில் வந்தால் எங்கள் பக்கம் அதற்குள் முடிந்திருக்கும். செய்தி மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள்தான் வரும். ஆற்றோரம் இருப்பவனுக்கு அதனால் என்ன பயன்? 2018 ஆகஸ்டில் பவானியிலும் காவிரியிலும் வெள்ளம் வந்தபோது இந்த ஆப்பின் அருமை புரிந்தது. விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற எண்ணை மணிக்கு மணி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தோம். பவானி ஊரில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சாமான்களை மேலே ஏற்றினார்கள். நிருபர் வேலையில் இதைவிடப் பெரிய திருப்தி எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது குரல் தட்டச்சு. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழையும் சேர்த்தது. ஏல மண்டபத்து வாசலில் நின்று விரலி மஞ்சள் இவ்வளவு, கிழங்கு மஞ்சள் இவ்வளவு என்று சொன்னால் எழுத்தாகிவிடுகிறது. நம்பியூர் என்ற ஊர்ப்பெயர் மட்டும் இன்னமும் சில நேரம் "நம்பியவர்" என்று வரும், பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். விலை அன்று சாயங்காலமே போய்விடுவதால், நாளைக்கு மூட்டை ஏற்றலாமா வேண்டாமா என்று விவசாயி இரவே முடிவு செய்துவிடுகிறார். பேப்பரில் பார்த்தால் காலைதான் தெரியும், அதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

தேடல் இன்னொரு நன்மை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டது. ஆனாலும் நம் பேப்பர்கள் வெகுநாள் ஆளுக்கொரு எழுத்துருவில் ஓடின. அந்தக் காலத்தில் இணையத்தில் போட்டதில் பெரும்பகுதி இப்போது தேடினால் அகப்படாது. இன்று நான் போடும் செய்தி பத்து வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ஒன்றே ஒன்றுதான், ஆனால் தினமும் வருகிறது.

செய்தியை ஏற்றும்போது "மாவட்டம்" என்று ஒரு கட்டம் வரும். அதில் ஒரு மாவட்டம்தான் தேர்ந்தெடுக்க முடியும். முன்பு அதன் கீழே தாலுகா கட்டமும் இருந்தது, புது வடிவம் கொண்டுவந்தபோது எடுத்துவிட்டார்கள். வாசகர் தன் போனில் எந்த மாவட்டத்தை வைத்திருக்கிறாரோ அந்த மாவட்டத்துச் செய்திக்குத்தான் அவருக்கு நோட்டிபிகேஷன் போகும்.

இப்போது பவானிசாகர் அணையில் இருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 200 கிலோமீட்டர் நீளம். ஈரோடு, திருப்பூர், கரூர் என்று மூன்று மாவட்டத்தில் 2,07,000 ஏக்கர் பாசனம். ஒரு போகத்துக்குப் பாதி, அதாவது 1,03,500 ஏக்கருக்கு நெல்லுக்குத் தண்ணீர். மற்ற பாதிக்கு அடுத்த போகத்தில் புன்செய்க்கு. எந்த மதகுக்கு எப்போது முறை என்பது அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தலைபோகிற விஷயம். கரையில் கசிவு என்று நீர்வளத் துறைக்காரர்கள் தண்ணீரை நிறுத்தினால் சேதி முதலில் தெரிய வேண்டியது கடைமடைக்காரருக்கு. அவர் இருப்பது காங்கேயம், வெள்ளகோவில் பக்கம். காங்கேயம் 2009 வரை ஈரோடு மாவட்டத்தில்தான் இருந்தது, திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது அங்கே போனது. வாய்க்கால் போகவில்லையே! அது பழையபடிதான் ஓடுகிறது.

நான் "ஈரோடு" என்று கொடுத்தால் வெள்ளகோவில்காரருக்குப் போகாது. "திருப்பூர்" என்று கொடுத்தால் பெருந்துறைக்காரருக்குப் போகாது. "தமிழ்நாடு" என்று பொதுவில் போட்டால் சினிமா, அரசியல், தங்கம் விலை எல்லாவற்றோடும் சேர்ந்து அரை மணி நேரத்தில் அடியில் போய்விடும். போன போகத்தில் தண்ணீர் நிறுத்தம் பற்றி நான் போட்ட செய்தியை மறுநாள் யாரோ காட்டி, வெள்ளகோவில் விவசாயி ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க, ஈரோட்டுக்காரங்களுக்கு மட்டுந்தான் தண்ணி நிக்குமுங்களா?" என்று கேட்டார். அவர் கோபத்தில் தப்பே இல்லை.

பேப்பரில் இந்தப் பிரச்சினையே கிடையாது. மேட்டர் ஒருமுறை அனுப்பினால் போதும். டெஸ்க்கில் செய்தியைத் திருத்திப் பக்கத்தில் வைப்பவர் படித்துவிட்டு, "இதை ஈரோடு, திருப்பூர் ரெண்டு பக்கத்துலயும் வைங்க, திருச்சிக்கும் சொல்லிருங்க, கரூர் பக்கத்துல வரட்டும்" என்பார் (கரூர் பக்கம் திருச்சிப் பதிப்பில் வரும்). அவ்வளவுதான். ஊர் தெரிந்த ஒரு மனிதர் செய்த வேலை அது. ஒற்றைப் பத்திச் செய்தியானாலும் போக வேண்டிய வீட்டுக்குப் போய்விடும், டீக்கடையில் நாலு பேர் படிப்பார்கள்.

அலுவலகத்தில் கேட்டேன். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் போட்டால் கூகுள் தேடலில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்றார்கள். நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது இரண்டு செய்தி இல்லையே! ஒரே செய்திக்கு இரண்டு மாவட்டம். இதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஏன் யாரும் அவசரப்படவில்லை என்பதும் புரியாமல் இல்லை. பேப்பரில் தாலுகா பக்கத்துக்குச் சோறு போட்டது அந்த ஊர் விளம்பரம். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, நகைக்கடை திறப்பு, மாட்டுத் தீவனம். காங்கேயத்துக் கடைக்காரருக்குக் காங்கேயத்துக்காரர் படித்தால்தான் பிரயோஜனம். அதனால் பக்கமும் ஊர் ஊராகப் பிரிந்தது. இணையத்தில் கூகுளின் விளம்பர ஏற்பாடான ஆட்சென்ஸ் 2018-ல் தமிழுக்கு வந்தது. அதற்கு இந்தச் சேதி படிப்பவருக்கு வேண்டியதா என்பது கணக்கே இல்லை, எத்தனை பேர் திறந்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. தண்ணீர் நிறுத்தத்தைத் திறக்கிறவர்கள் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். ஆனால் அந்தச் சில ஆயிரம் பேருக்கு அன்றைக்கு வேறு செய்தியே வேண்டாம். இது நிர்வாகத்துக்குப் புரிய வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போதைக்கு நானே லிங்க்கை எடுத்துப் பாசன சபைக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் போடுகிறேன். வேலை நடக்கிறது. ஆனால் நான் ஒருநாள் லீவு எடுத்தால் நின்றுவிடும். ஒரு செய்தி நிறுவனத்தின் விநியோகம் ஒரு நிருபரின் போன்புக்கை நம்பி இருக்கக் கூடாது.

மொத்தத்தில் என்ன சொல்வது? மேலே எழுதிய நன்மைகள் ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளத்துக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. கோவை மாநகராட்சி, கலெக்டர் அலுவலகம், திருப்பூர் பனியன் சங்கங்கள் என்று ஒரே மாவட்டத்துக்குள் வேலை பார்ப்பவர் தாராளமாக மாறலாம். வாய்க்காலையும் ஆற்றையும் பார்க்கும் தாலுகா நிருபர், அவரை மாவட்டப் பக்கத்தில் விட்டுவைக்கிற வரைக்கும், பேப்பரிலேயே இருக்கட்டும். ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். அந்தக் கட்டத்தில் இரண்டாவது மாவட்டம் சேர்க்க வழி வந்தால் அன்றைக்கே நான்காக மாற்றிவிடுகிறேன்.