கச்சான் காத்தை எது சரியாச் சொல்லுது? மொடல்கள், திணைக்களம், கடலுக்குப் போறாக்கள்: ஒரு திருமலைக்காரன்ட ஒப்பீடு

போன வருசம் ஆவணியில எங்கட ஒழுங்கையில ஒரு கிடுகு வேலி எரிஞ்சது. நடந்தது இதுதான்: பக்கத்து வளவு ஐயா பின்னேரம் நாலரைக்கு சருகும் காஞ்ச ஓலையும் கூட்டிக் கொளுத்தினவர், அப்ப கடல்காத்து கிழக்கால மெல்லமா வந்துகொண்டிருந்தது, புகை வீடுகளுக்கு எதிர்ப்பக்கமா வெறும் வளவுக்குள்ள போகுது, அவர் காத்துப் பாத்துத்தான் கொளுத்தினவர் அதில பிழை சொல்ல ஏலாது. மம்மலாகேக்க கடல்காத்து விழுந்திட்டுது, ஒரு அரை மணித்தியாலம் ஒண்டுமில்ல, பிறகு மேற்கால கச்சான் திரும்பி எழும்பி சாம்பலுக்குள்ள கிடந்த தணலைக் கிளப்பி மற்றப் பக்க வேலியில போட்டுது. வாளியால ஊத்தி அணைச்சம். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்ல. ஆனா அண்டைக்கு இரவு நான் போனை எடுத்து எந்த அப் இதைச் சொன்னது, எது சொல்லேல்ல எண்டு பாக்கத் தொடங்கினன், இப்ப வரைக்கும் சீசனுக்குச் சீசன் கொப்பியில எழுதிக்கொண்டு வாறன். அதை வைச்சுத்தான் இது.

முதல்ல ஒரு விசயம் தெளிவா இருக்கோணும். நெருப்புக்காத்து எண்டு தேடினா எல்லாம் கலிபோர்னியாவிலதான் வந்து நிக்கும், சாண்டா அனா காத்து. 2025 தை 7ஆந் தேதி லொஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ் நெருப்பும் ஈட்டன் நெருப்பும் தொடங்கினது அந்தக் காத்திலதான், ரெண்டிலயும் சேத்து 16,000க்கு மேல கட்டடம் போச்சு. அங்க காத்து வாற விதம் வேற: உள்நாட்டு உயர்ந்த பாலைவனத்தில குளிர் காலத்தில அமுக்கம் கூடிப்போய், அந்தக் காத்து மலை இடுக்குகளுக்குள்ளால கடலுக்கு இறங்குது, இறங்க இறங்க நசுங்கிச் சூடாகுது. ஒரு கிலோமீற்றர் இறங்கினா ஏறக்குறைய 10 பாகை. தொடக்கத்திலயே காஞ்ச காத்து, கீழ வரேக்க ஈரப்பதன் 10 வீதத்துக்குக் கீழ போயிடும்.

எங்கட கச்சான் அப்பிடியில்ல. இது தென்மேற்குப் பருவக்காத்து, கடலில இருந்து ஈரத்தோட வந்து வட்டவளை, கினிகத்தேனைப் பக்கமெல்லாம் மழையா ஊத்திப்போட்டு, மலைக்கு இஞ்சால வரேக்க காஞ்சு சூடாகி வருது. அதிலயும் மட்டக்களப்புக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இருக்கு. அவங்களுக்கு மலை நேர மேற்கால நிக்குது. எங்களுக்கு நக்கிள்ஸ் மலை 100 கிலோமீற்றருக்கு மேல தெற்கால தள்ளி நிக்குது, அதால திருமலைக்கு வாற காத்தில கனக்க மலையைச் சுத்தி வடக்கால, அனுராதபுரம் வவுனியாப் பக்கத்துச் சமதரையால சுடுநிலத்துக்கு மேலால ஓடி வாறது. மலையைச் சுத்திப் போற காத்து அந்த ஓரத்தில வேகம் கூடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர அறிக்கையில "மத்திய மலையின் மேற்குச் சரிவுகளிலும் வடக்கு, வடமத்திய, வடமேல் மாகாணங்களிலும் திருகோணமலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலும்" எண்டு ஒரே வசனம் கிழமைக் கணக்கா வாறதுக்குக் காரணம் இதுதான், திருமலை மலையின்ர ஒரு பக்கத்து ஓரம், அம்பாந்தோட்டை மற்றப் பக்கத்து ஓரம்.

இதால என்னெண்டா, கலிபோர்னியாவில எது நல்ல எதிர்வுகூறல் எண்டு கேட்டா மலை இடுக்கை எவ்வளவு நுணுக்கமாக் காட்டுது எண்டதுதான் கேள்வி. திருமலையில கேள்வி வேற: இண்டைக்குக் கடல்காத்து வருமா வராதா, வந்தா எத்தினை மணிக்கு? கச்சான் பலமில்லாத நாளில பத்து பதினொண்டுக்கு கடல்காத்து உள்ள வந்திடும், வெப்பநிலை 32இல நிக்கும், பனிபடுநிலை (காத்தில உள்ள ஈரம் பனியாப் படியத் தொடங்கிற வெப்பநிலை) 25 அளவில இருக்கும், அப்ப ஈரப்பதன் 67 வீதம். கச்சான் கடல்காத்தைத் தள்ளிவைச்ச நாளில அதே மத்தியானம் 37, பனிபடுநிலை 22, ஈரப்பதன் 42 வீதம். வேகத்தை மட்டும் பாத்தா ரெண்டு நாளும் ஒரே மாதிரித் தெரியலாம், ஆனா சருகு காயுற விதம் ரெண்டு உலகம்.

இனி ஒவ்வொண்டா. முதல்ல மொடல்கள், அதாவது காத்தையும் சூட்டையும் கணினியில கணக்குப் போட்டு முன்னுக்கே சொல்லுறவை.

ஈசிஎம்டபிள்யூஎஃப், ஐரோப்பிய மொடல். விண்டி அப்பில முதல்ல திறக்கிறது இதுதான், நிலத்தைப் பிரிச்சுக் கணக்குப் பாக்கிற கட்டம் ஒண்டு 9 கிலோமீற்றர் அகலம். என்ர கொப்பியில மூண்டு நாலு நாளுக்கு முதல் "இந்தக் கிழமை கச்சான் கூடும்" எண்டதை இதுதான் கூடுதலாச் சரியாச் சொல்லியிருக்கு. ஏனெண்டா பருவக்காத்து ஏறி இறங்குறது பெரிய அளவில நடக்கிற சங்கதி, வங்காள விரிகுடாவில ஒரு தாழமுக்கம் உருவாகி வடக்கால போனா இஞ்ச கச்சான் இறுகும், அதை இந்த மொடல் நல்லாப் பிடிக்குது. ஆனா அப் படத்தில இடம் காட்டுற ஊசியை எங்க குத்துறம் எண்டதில கவனம் வேணும். கோணேசர் கோயிலடியிலயோ துறைமுகத்திலயோ குத்தினா அந்தக் கட்டத்தில பாதி கடல், வெப்பநிலை 33க்கு மேல ஏறவே ஏறாது, பாத்திட்டு இண்டைக்குப் பிரச்சினையில்ல எண்டு நினைப்பியள். நான் கரையில இருந்து உள்ளுக்குத் தள்ளின கன்னியாவிலயும் பன்குளத்திலயும் குத்திப் பாக்கிறன். பன்குளத்தில 37உம் கோணேசரடியில 32உம் காட்டினா கடல்காத்து வரும் எண்டு மொடல் நினைக்குது, ரெண்டும் கிட்டக்கிட்ட இருந்தா வராது எண்டு நினைக்குது. இந்த ஒரு பழக்கம்தான் எனக்கு மற்ற எல்லாத்தையும் விடக் கூட உதவினது, ஒரு சதமும் செலவில்ல.

ஜீஎஃப்எஸ், அமெரிக்க மொடல். 16 நாள் வரைக்கும் காட்டும் எண்டு சனம் விரும்புது, ஆனா பத்து நாளுக்கு அங்கால கச்சானைப் பற்றி அது சொல்லுறதை வைச்சு நான் ஒரு வேலையும் திட்டம் போடுறேல்ல. நான் பாத்தளவில இது எங்கட பக்கத்து மத்தியானத்தை அளவுக்கு மீறிச் சூடாயும் காஞ்சும் காட்டுது, 40, 41 எண்டு போட்டிருக்கும், அண்டைக்குத் திணைக்கள நிலையத்தில 36. இப்பிடி ஆறேழு தரம் பயமுறுத்தினா அடுத்த தரம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்கள், நெருப்பு விசயத்தில அது லேசான பிழையில்ல. ஜேர்மன்காரரின்ர ஐகான் மொடல் ரெண்டுக்கும் நடுவில. கடல்காத்து உள்ள வாற நேரத்தை சில நாள் ஐரோப்பிய மொடலை விட நல்லாக் காட்டியிருக்கு, சில நாள் ஒரேயடியா விட்டிருக்கு. ரெண்டும் ஒத்துப்போனா நம்புறன், ஒத்துப்போகாட்டி அண்டைக்கு விடிய நிலையத்து வாசிப்புக்குப் பொறுத்திருக்கிறன்.

ஐரோப்பிய மொடலை நடத்துற நிலையம் 2025 மாசியில இருந்து செயற்கை நுண்ணறிவு மொடல் ஒண்டும் நடத்துது, நாலைஞ்சு நாளைக்குப் பெரிய படத்துக்கு நல்லம் எண்டு ஆக்கள் சொல்லுறாங்கள், ஆனா அதின்ர கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீற்றர், அதுக்குள்ள எங்கட கடல்காத்துக்கு இடமேயில்ல. திருமலைக்காரனுக்கு இப்போதைக்கு உதவாது.

அடுத்தது திணைக்களம். எங்கட வளிமண்டலவியல் திணைக்களத்தைச் சனம் லேசாத் திட்டுறது, எனக்கு அது நியாயமாப் படேல்ல. காத்து மணித்தியாலத்துக்கு 50, 60 கிலோமீற்றர் எண்டு மாவட்டத்தின்ர பேரோட தமிழிலயே சொல்லுறாங்கள், அது மொடலை மட்டும் பாத்துச் சொல்லுறதில்ல, இருந்து பாக்கிற மனிசர் சொல்லுறது. கடல் பிரதேச அறிக்கை தனியா வரும், கடலுக்குப் போறாக்களுக்கு உயிர் காக்கிற அறிக்கை அது. வெப்பச் சுட்டெண் எச்சரிக்கையும் இருக்கு, ஆனா அதை நெருப்புக்குப் பாவிக்க வேண்டாம், ஏனெண்டா வெப்பச் சுட்டெண் ஈரப்பதன் கூடினா ஏறும், நெருப்பு ஆபத்து ஈரப்பதன் குறைஞ்சா ஏறும். கச்சான் பலமான காஞ்ச நாளில வெப்பச் சுட்டெண் பெரிசாத் தெரியாமலே போகலாம். சூடு எண்டு சொன்னவுடன ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறது கனக்க நடக்குது.

கலிபோர்னியாவோட ஒப்பிட்டா இஞ்சதான் பெரிய ஓட்டை. அங்க தெற்குப் பக்கத்தில ஈரப்பதன் 15 வீதத்துக்குக் கீழ, காத்து மணித்தியாலத்துக்கு 25 மைல் அல்லது இடையிடை அடிக்கிற வீச்சு 35 மைல், அது 6 மணித்தியாலம் தொடர்ந்தா நெருப்பு ஆபத்துக்கான செங்கொடி எச்சரிக்கை எண்டு கணக்கு வைச்சிருக்கிறாங்கள். 2014இல இருந்து சாண்டா அனாவுக்கெண்டே ஒரு சுட்டெண் இருக்கு, காத்து மட்டுமில்ல, பத்தை எவ்வளவு காஞ்சிருக்கு எண்டதையும் சேத்துப் படி படியாச் சொல்லும். எங்களுக்கு அந்த 15 வீதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைச்சா ஒரு நாளும் எச்சரிக்கை வராது, கச்சான் அவ்வளவு காயுறேல்ல. எங்கட கிடுகுக்கும் இலுக்குப் புல்லுக்கும் பட்ட வடலிக்கும் தனிக் கணக்கு வேணும்.

அந்தக் கணக்குக்குக் கிட்ட வாறது கனடாக்காரரின்ர நெருப்பு வானிலைச் சுட்டெண். உலக அளவில ஐரோப்பாக்காரரின்ர கொப்பர்னிக்கஸ் இணையத்தளத்தில இலவசமாப் பாக்கலாம். மத்தியான வெப்பநிலை, ஈரப்பதன், காத்து, 24 மணித்தியால மழை, இந்த நாலையும் வைச்சுக் கணக்குப் பாக்கும். நான் இதை முதல் சீசனில நம்பிக் கெட்டன். மொத்தச் சுட்டெண் ஆடி பிறந்தவுடன மேல ஏறி அங்கயே குந்திக்கொண்டிருக்கும், ஏனெண்டா எங்களுக்கு மழை ஐப்பசிக்குப் பிறகுதான், சுட்டெண்ணில வறட்சியைக் கணக்குப் பாக்கிற பகுதி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகுது, எல்லா நாளும் சிவப்பு எண்டா எந்த நாளுக்குக் கவனமா இருக்கிறது? பிறகுதான் பிரிச்சுப் பாக்கப் பழகினன்: மெல்லிய சருகின்ர ஈரத்தைச் சொல்லுற பகுதியும், நெருப்பு பரவுற வேகத்தைச் சொல்லுற பகுதியும் தனித்தனியா இருக்கு, அது ரெண்டும்தான் நாளுக்கு நாள் மாறும், அதைப் பாத்தா கச்சான் இறுகின நாள் தெளிவாப் பிரிஞ்சு தெரியுது. ஆனாலும் மத்தியான ஒரு வாசிப்பில நிக்கிற சுட்டெண், மம்மலில காத்துத் திரும்புறதை அது சொல்லவே சொல்லாது. எங்கட ஒழுங்கை வேலியை அது காப்பாத்தியிருக்காது.

சிலர் நாசாவின்ர செய்மதி நெருப்புப் படத்தைக் காட்டி இதுதான் நல்லம் எண்டு வாதாடுவாங்கள். அது எதிர்வுகூறல் இல்ல, எரிஞ்சதைத்தான் காட்டும்.

அமுக்க வித்தியாசம் பாக்கிறது பழைய முறை. லொஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கும் உள்நாட்டு டாகெட்டுக்கும் இடையில அமுக்கம் எவ்வளவு வித்தியாசம் எண்டு பாத்தே அங்க சாண்டா அனாவைச் சொல்லுவாங்கள். அதே மாதிரி கொழும்பையும் திருமலையையும் வைச்சுப் பாத்தன், வித்தியாசம் கூடக்கூட கச்சான் இறுகுறது உண்மைதான். ஆனா ஒரே மணித்தியாலத்து வாசிப்பை எடுக்கோணும், எங்கட பக்கம் அமுக்கம் ஒவ்வொரு நாளும் காலமை பத்து மணியளவில ஏறி பின்னேரம் நாலு மணியளவில இறங்கும், நேரம் மாறிப் பாத்தா இல்லாத காத்தை இருக்கு எண்டு சொல்லிப்போடுவியள். முதல் கிழமை முழுக்க நான் அந்தப் பிழைதான் விட்டன்.

கடைசியாக் கடலுக்குப் போறாக்கள். நிலாவெளிப் பக்கம் ஒரு வாடியில எனக்குத் தெரிஞ்ச அண்ணர் ஒருத்தர், முப்பது வருசமாக் கடல், அவரிட்ட "நாளைக்கு என்ன மாதிரி அண்ணை" எண்டு கேட்டா விடிய வந்து கேளடா எண்டுதான் சொல்லுவார். விடிய அவர் பாக்கிறது மூண்டு: கரையில தண்ணி அசையாமக் கண்ணாடி மாதிரிக் கிடந்து வெளியால அலை உடையிற வெள்ளை தெரியுதா, மேற்கால அடிவானம் தூசி மாதிரி மங்கலா இருக்கா, விடியக்காலமைப் பனி புல்லில இருக்கா இல்லையா. புல்லுக் காஞ்சு கிடந்தா "இண்டைக்குக் கச்சான்தான், கடல்காத்து ஏறாது" எண்டுவார். நான் கொப்பியில எழுதி ஒப்பிட்ட நாளில அன்றன்றைக்கு எண்டு பாத்தா எந்த மொடலும் அவரை வெல்லேல்ல. பனி இல்லாத புல்லு எண்டா இரவு முழுக்கக் காத்து ஓயேல்ல, ஈரம் இறங்கேல்ல எண்டு அர்த்தம், அது நேரடி அளவீடு. ஆனா மூண்டு நாளைக்கு முதல் கேட்டா அவரிட்ட மறுமொழியில்ல, அவர் அதைப் பொய்யாச் சொல்லவும் மாட்டார்.

அதால நான் இப்ப செய்யுறது இப்பிடி. கிழமைக்கு ஐரோப்பிய மொடல், பன்குளம் கன்னியா ஊசியோட. முதல் நாள் பின்னேரம் திணைக்கள அறிக்கை, அதில திருகோணமலை மாவட்டம் எண்டு பேர் வந்தா மறுநாள் வளவில நெருப்பு இல்ல. அன்றைக்கு விடிய புல்லு. பிறகு திணைக்களத் தளத்தில மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வாற நிலைய வாசிப்பு, 11.30 வாசிப்புத்தான் முக்கியம்: அந்த நேரம் ஈரப்பதன் 60க்கு மேல ஏறியிருந்தா கடல்காத்து வந்திட்டுது, 50க்குக் கீழ கிடந்தா வரேல்ல. அந்த 60உம் 50உம் எங்கட ஒழுங்கைக்கு நான் பிடிச்ச கணக்கு, மூதூரிலயோ குச்சவெளியிலயோ இருக்கிறாக்கள் உங்கட வளவில ஒரு மாசம் எழுதிப் பாத்துத்தான் எடுக்கோணும். கடல்காத்து வந்த நாளெண்டாலும் கொளுத்துறதெண்டா காலமை பதினொண்டுக்கும் மூண்டுக்கும் இடையில கொளுத்தி, நாலு மணிக்கு முதல் தண்ணி ஊத்தி மண்ணால மூடிப்போடுறது. பின்னேரம் நாலரைக்குக் கொளுத்துறேல்ல. ஐயாவும் இப்ப எனக்கு விடியவே போன் எடுத்துப் புல்லு நனைஞ்சிருக்கா எண்டு கேக்கிறவர்.